லேபிள் இல்லாமல் முதல் தமிழ் ராப் ஆல்பம்: எழுதுவதிலிருந்து ராயல்டி வரை

ஒரு ராப் பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு: வரி, மெட்டு, பீட்டில் இருக்கும் இசை எல்லாம் சேர்ந்தது. இன்னொன்று பதிவு: மைக் முன்னால் பாடி, மிக்ஸ் செய்து முடித்த ஒலிக்கோப்பு. இதைத்தான் மாஸ்டர் என்கிறோம். இரண்டுக்கும் உரிமையாளர் வேறாக இருக்கலாம். இரண்டுக்கும் பணம் வரும் வழி கண்டிப்பாக வேறு. புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகின்றன. அதனால் கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: இப்போது நான் கையில் வைத்திருப்பது பாட்டா, பதிவா?

மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006-இல் வந்தபோது ஆல்பம் என்றால் குறுவட்டு. அதை அச்சடித்துக் கடைக்கு அனுப்ப லேபிள் எனப்படும் ஓர் இசை நிறுவனம் வேண்டியிருந்தது. இன்று பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் ஒரு விநியோகத் தளம் அந்த வேலையைச் சில நாட்களில் முடித்துவிடும். ஆனால் ஒப்பந்தம், கணக்கு, தேதி குறிப்பது என்று லேபிள் பார்த்த மற்ற வேலைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை பாட்டு?

ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் 7 பாட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆல்பம். 4 முதல் 6 பாட்டு, மொத்தம் 30 நிமிடத்துக்குள் என்றால் ஈபி, அதாவது சிறு ஆல்பம். 3 வரை சிங்கிள். முதல் ஆல்பத்துக்கு 7 அல்லது 8 போதும். 12 எழுதி, அதில் நான்கைந்தை ஒதுக்கிவிட்டு மீதியை வெளியிடுங்கள். ஒதுக்கியவை வீண் அல்ல, அடுத்த சிங்கிளுக்கு ஆகும்.

வரி எழுதும்போது

முதலில் கணக்கு. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பீட்டில் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 வினாடி ஓடும். 16 பார் வெர்ஸ் (ராப் பாடும் பகுதி) என்றால் ஏறக்குறைய 43 வினாடி. நான்கு பார் தொடக்கம், 16 பார் வெர்ஸ் இரண்டு, எட்டு பார் ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) மூன்று முறை என்று வைத்தால் மொத்தம் 60 பார், அதாவது 2 நிமிடம் 40 வினாடி. ராப் பாட்டுக்கு இது நல்ல நீளம். ட்ராப், டிரில் என்ற ராப் வகைகளின் பீட்டுகள் 140 பிபிஎம் பக்கம் ஓடும். அங்கே ஒரு பார் 1.7 வினாடிதான் என்பதால் பெரும்பாலும் பாதி வேகத்தில் வைத்துப் பாடுவார்கள்.

ஒரு பாரை 16 சிறு இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதினாறையும் அசைகளால் (சிலபிள்) நிரப்பினால் மூச்சு விட இடம் இருக்காது. 11 முதல் 13 அசை வசதியானது. இப்படி:

பட்டா கேட்டு நின்னோம் வரிசையில
எட்டாம் மாசம் இன்னும் தரிசனமில்ல

முதல் வரியில் 11 அசை, இரண்டாவதில் 12. பட்டா, எட்டா என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. வரிசை, தரிசனம் என்று வரியின் பின்பாதியிலும் அதே எதுகை விழுகிறது. ஆங்கில ராப்பைக் கேட்டே வளர்ந்தவர்கள் கடைசிச் சொல்லில் மட்டும் ஒலி ஒன்ற வைப்பார்கள். அது நம் இலக்கணத்தில் இயைபு. தமிழில் இயைபு கிடைப்பது மிகச் சுலபம். ‘வந்தேன், நின்னேன், சொன்னேன்’ என்று வினைமுற்றை அடுக்கினாலே வந்துவிடும், அதனால்தான் நான்கு வரிக்குள் சலித்தும் போகும். வரியின் தலையில் எதுகையும் மோனையும் வைத்து, அந்த எழுத்தை பீட்டின் முதல் தட்டில் விழ வையுங்கள். தெம்மாங்கும் கானாவும் காதில் ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. சந்தத்துக்காகக் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். ‘விடு’ என்பதை இழுத்தால் ‘வீடு’, ‘படம்’ என்பதை இழுத்தால் ‘பாடம்’. பீட் இல்லாமல் வெறும் வாயால் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவையில் புரிந்துகொள்ளாத வரியை மாற்றி எழுதுங்கள்.

பீட் வாங்கும்போது காகிதமும் வாங்குங்கள்

இணையத்தில் கிடைக்கும் பீட்டில் மூன்று வகை. ‘இலவசம்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் பணம் வராத பயன்பாட்டுக்கு மட்டும். ஆல்பத்தில் போட்டால் மீறல். லீஸ் என்பது வாடகை: அதே பீட்டை இன்னும் பலருக்கும் விற்பார்கள், இத்தனை ஸ்ட்ரீம் வரை, இத்தனை ஆண்டு வரை என்று வரம்பு இருக்கும். எக்ஸ்க்ளூசிவ் என்றால் அதற்குப் பிறகு வேறு யாருக்கும் விற்கக் கூடாது. ஆனால் உங்களுக்கு முன்பே லீஸ் எடுத்தவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

லீஸ் பீட்டில் பாடிய பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில், அதாவது ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானே கண்டுபிடிக்கும் அமைப்பில், பதியாதீர்கள். அதே பீட்டில் பாடிய மற்ற அத்தனை பேரின் வீடியோவிலும் உங்கள் பெயரில் உரிமைக் கோரல் போய் விழும். அவர்களில் யாராவது பதிந்திருந்தால் உங்கள் வீடியோவில் வந்து விழும். பெரும்பாலான லீஸ் ஒப்பந்தங்கள் இதைத் தடை செய்தே இருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஊரில் நண்பரோடு சேர்ந்து பீட் செய்வதுதான் எல்லாவற்றிலும் நல்லது. நண்பர் என்பதற்காக எழுதாமல் விடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஆல்பமோ வெளியாகும் நாளிலேயே கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் கேட்கப்படும். அதனால் ‘உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்ற சொற்களைக் கண்டிப்பாகச் சேருங்கள்.

ஒரு பக்கம் போதும். பாட்டின் பெயர், பான் அட்டையில் உள்ளபடி இருவர் பெயர், கொடுத்த பணம், பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டரில் யாருக்கு எத்தனை சதவீதம், கன்டென்ட் ஐடியில் யார் பதிவது, வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும் கொடுக்க யாருடைய சம்மதம் வேண்டும், பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும். இவ்வளவுதான். பாட்டில் பீட்டுக்குப் பாதி, வரிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம், கட்டாயம் இல்லை. இதை ரெக்கார்டிங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். பாட்டு ஹிட் ஆன பிறகு சதவீதம் பேச உட்கார்ந்தால் நட்பும் போகும், பாட்டும் தளத்திலிருந்து இறங்கும்.

பழைய சினிமாப் பாட்டின் துண்டை வெட்டிப் போட ஆசை வரும். ஏழு வினாடிக்குள் எடுத்தால் பிரச்சினை இல்லை என்று சொல்வார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. பதிவுக்கு ஆடியோ நிறுவனத்திடமும், பாட்டுக்கு அதன் உரிமையாளரிடமும், ஆக இரண்டு அனுமதி வேண்டும். அதே மெட்டை உங்கள் கீபோர்டில் புதிதாக வாசித்தால் பதிவுக்கான அனுமதி தேவைப்படாது, பாட்டுக்கான அனுமதி அப்போதும் வேண்டும். பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாட்டின் உரிமை எழுதியவர், இசையமைத்தவர் காலமான பிறகும் 60 ஆண்டு. ஆகவே மிகப் பழைய பதிவும் முழுக்க இலவசம் என்று ஆகிவிடாது.

பறை, ஒப்பாரி, கானா என்று நம் ஊர்க் கலைஞரை அழைத்துப் பதிவு செய்தால் அவர்களோடும் ஒரு காகிதம் போடுங்கள். வாசித்தவருக்கும் பாடியவருக்கும் கலைஞர் உரிமை என்று சட்டத்தில் தனியாக ஒன்று உண்டு. சம்பளத்தை அன்றே கொடுங்கள், பெயரைப் பாட்டின் விவரத்திலேயே போடுங்கள். ‘நாட்டுப்புற இசை’ என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்வது ஒரு மனிதரின் உழைப்பை அழிப்பது.

வீட்டிலேயே குரல் பதிவு

மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மூடிய வகை ஹெட்ஃபோன், பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை), மைக் ஸ்டாண்ட். இவை இருந்தால் தொடங்கலாம். எதிரொலிக்கும் அறையில் விலையுயர்ந்த கண்டென்சர் மைக்கை விட ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் சுத்தமாகப் பதியும், ஏனென்றால் அது தூரத்துச் சத்தத்தைக் குறைவாகவே வாங்கும்.

அறைக்கு இலவம் பஞ்சு மெத்தை அருமையான மருந்து. அதை நிற்க வைத்து, அதற்கு முதுகு காட்டிப் பாடுங்கள். பலர் மெத்தையை மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். சாதாரண ராப் மைக் முன்பக்கம்தான் கேட்கிறது, அதாவது அது கேட்பது உங்கள் வாயையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். முட்டை அட்டையும் ஓரங்குல ஃபோமும் மேல் ஒலியை மட்டும் உறிஞ்சும். அடி ஒலி அப்படியே நிற்பதால் குரல் பானைக்குள் பேசுவது போலக் கேட்கும்.

ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி மூன்றையும் நிறுத்துங்கள். ஹெட்ஃபோனில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ‘ப’ வரும் இடங்களில் காற்று அடிக்கும், மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் குறையும். 24 பிட்டில் பதியுங்கள். மிகச் சத்தமான இடம் மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்த டேக்கை (ஒரு தடவை பாடிப் பதிந்ததை) எந்த இன்ஜினியராலும் காப்பாற்ற முடியாது. முதன்மைக் குரல் மூன்று டேக், பிறகு வரி முடிவுகளுக்கு மட்டும் டபுள் (அதே வரியை மேலே இன்னொரு முறை பாடுவது), பிறகு ஆட்-லிப் (இடையில் போடும் சிறு கூவல்கள்). ஒவ்வொன்றும் தனி ட்ராக். முழு வெர்ஸையும் டபுள் செய்தால் தமிழின் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று மோதி, வரி புரியாமல் போகும்.

மிக்ஸ், மாஸ்டர்

மிக்ஸ் செய்பவருக்கு எல்லா ட்ராக்கும் பூஜ்ஜியம் வினாடியிலிருந்து தொடங்கும் வேவ் கோப்பாக, எஃபெக்ட் இல்லாமல் போக வேண்டும். கூடவே பிபிஎம், நீங்கள் மனதில் வைத்திருக்கும் சத்தத்தைக் காட்டும் ஒரு கரடுமுரடான மிக்ஸ். பீட்டையும் தனித்தனி ஸ்டெம்களாக (கருவிவாரியான கோப்புகளாக) வாங்கியிருங்கள். ஒரே எம்பி3 கோப்பாக இருந்தால் 808 (ஆழ்ந்த அடி ஒலி தரும் பாஸ் டிரம்) குரலை மூடும்போது அதை மட்டும் தனியாகக் குறைக்க வழி இருக்காது.

முடிந்த மிக்ஸை போன் ஸ்பீக்கரிலும், ஷேர் ஆட்டோவின் இரைச்சலுக்குள் சாதாரண இயர்போனிலும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் 808-இன் அடி ஒலி காணாமல் போகும். பாட்டே காலியாகத் தெரிந்தால் 808-க்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மேல் ஒலிகளை உண்டாக்கும் லேசான சிதைவு) சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் தளம் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே சத்தத்துக்காக நசுக்கிய மாஸ்டர், கேட்பவரிடம் போய்ச் சேரும்போது நசுங்கலை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது முக்கியம், தாண்டினால் எம்பி3 வகைக்கு மாறும்போது கீறல் ஒலி வரும்.

மாஸ்டர் வாங்கும் நாளிலேயே இன்ஸ்ட்ருமென்டல், தனிக்குரல், முதன்மைக் குரலை நீக்கிய மேடைப் பதிப்பு, கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து வாங்குங்கள். ஓர் ஆண்டு கழித்துக் கேட்டால் அந்த ப்ராஜெக்ட் திறக்காது.

விநியோகத் தளம்

மூன்று வகைக் கட்டணம் உண்டு. டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்கும், ராயல்டியில் பங்கு எடுக்காது. ஆனால் சந்தாவை நிறுத்தினால், பாட்டை நிரந்தரமாக வைத்திருக்கத் தனிக் கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய, பாட்டு இறங்கும். சிடி பேபி ஒருமுறைக் கட்டணத்தோடு 9 சதவீதம் எடுக்கும். ரூட்நோட்டின் இலவசத் திட்டம் 15 சதவீதம் எடுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியிடுவேன் என்றால் ஒருமுறைக் கட்டணம் நல்லது. மாதம் ஒரு சிங்கிள் என்றால் சந்தா. எதைத் தேர்ந்தாலும் ஜியோசாவன், இன்ஸ்டாகிராம், காலர் ட்யூன் ஆகியவை அதில் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் உங்கள் ஆல்பம் அவர் பக்கத்தில் போய் உட்காரும், மீட்க வாரக்கணக்கில் ஆகும். ஆங்கில எழுத்தில் ஒரே வடிவத்தை முடிவு செய்யுங்கள். பெயரில் ‘ழ’ இருப்பவர்கள் இதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். கூடப் பாடியவரைப் பாட்டின் தலைப்பில் எழுதாமல், அதற்கென்று உள்ள கட்டத்தில் சேருங்கள். எழுதியவர், இசையமைத்தவர் கட்டத்தில் மேடைப் பெயர் கூடாது, சட்டப்பூர்வப் பெயர்தான் போக வேண்டும்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இன்ஸ்டா முகவரி, இணையதளம், விலை, தளங்களின் சின்னம் எதுவும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் கிடைக்கும். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், அது பதிவின் ஆதார் எண் போல.

தேதி

ஆல்பத்தை ஒரு வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள், 2015 முதல் உலகளவில் புதிய இசைக்கான நாள் அது. பொங்கல், தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிர்ப்பது நல்லது, பெரிய படங்களின் பாட்டுக்கு நடுவில் தனிக்கலைஞர் குரல் கேட்காது. அந்த வெள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 10 வாரம் முன் முதல் சிங்கிள், 5 வாரம் முன் இரண்டாவது, 4 வாரம் முன் முழு ஆல்பமும் தளத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஏற்றும்போது அந்த இரண்டு சிங்கிளுக்கும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே, அதே ஒலிக்கோப்போடு, அதே தலைப்போடு கொடுங்கள். அப்போதுதான் அதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை ஆல்பத்துக்குள்ளும் தொடரும். புது எண் கொடுத்தால் பூஜ்ஜியத்திலிருந்து.

ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கில், இன்னும் வெளிவராத ஒரு பாட்டை மட்டும் அவர்களின் பிளேலிஸ்ட் குழுவுக்கு முன்வைக்கலாம். குறைந்தது 7 நாள் முன்னதாகச் செய்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலிலும் அந்தப் பாட்டு வந்துவிடும். விவரம் எழுத 500 எழுத்துக்குள்தான் இடம். ‘எல்லோருக்கும் பிடிக்கும்’ என்று எழுதி வீணாக்காமல், எந்த ஊர்த் தமிழ், என்ன கருவி, எதைப் பற்றிய பாட்டு, வீடியோ எப்போது என்று எழுதுங்கள். வரிகளைத் தமிழ் எழுத்தில் பிழையின்றித் தயார் செய்து மியூசிக்ஸ்மேட்ச் வழியாக ஏற்றுங்கள், ஸ்பாட்டிஃபையில் ஓடும் வரிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

சில ஆயிரம் ரூபாய்க்கு லட்சம் ஸ்ட்ரீம் தருகிறோம் என்று செய்தி வரும். தொடவே தொடாதீர்கள். 2024 முதல் போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்ட பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை விநியோகத் தளத்திடம் அபராதம் வாங்குகிறது, தளம் அதை உங்கள் கணக்கில் கழிக்கலாம், பாட்டையும் இறக்கலாம்.

மேடை

20 நிமிட செட், ஆறு பாட்டு. முதன்மைக் குரல் இல்லாத மேடைப் பதிப்பை வேவ் கோப்பாகப் பென் டிரைவிலும் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 2020 முதல் நடக்கும் ‘மார்கழியில் மக்களிசை’ போன்ற மேடைகளில் கானாவும் ராப்பும் பறையும் அடுத்தடுத்து வரும். அங்கே முன்னால் வாசித்தவரின் சக்தி பெரிது, ஆகவே உங்கள் வலுவான ஹூக்கை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

பணம்

பதிவுக்கான பணம் விநியோகத் தளம் வழியாக வரும், இரண்டு மூன்று மாதம் தாமதமாக. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. அமெரிக்கத் தளம் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்புங்கள். அப்போது அமெரிக்காவில் கேட்கப்பட்ட பங்குக்கு மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் பிடித்தம் கூடும்.

பாட்டுக்கான பணத்தை விநியோகத் தளம் உங்களுக்கு வாங்கித் தராது. அதற்கு, பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும், 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாடலாசிரியராகவோ இசையமைப்பாளராகவோ உறுப்பினர் ஆக வேண்டும். உறுப்பினர் ஆனால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் ஒப்பந்தத்தில் எழுதிய அதே சதவீதத்தோடு அங்கே பதிய வேண்டும். இருவர் இரண்டு விதமாகப் பதிந்தால் பணம் அப்படியே நிற்கும். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ‘எல்லா ராயல்டியும் எங்களுக்கே’ என்று ஓர் ஒப்பந்தம் வந்தால் கையெழுத்திடும் முன் இந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

பதிப்புரிமை பிறக்கப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதில்லை, ஆனால் வழக்கு வந்தால் சான்று. வரிக்கும் இசைக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். எட்டுப் பாட்டுக்கும் கட்ட முடியாவிட்டால் இரண்டு சிங்கிளுக்காவது செய்யுங்கள்.

கையெழுத்திட்ட காகிதங்களின் படம், மாஸ்டர்கள், ஸ்டெம்கள், ஐஎஸ்ஆர்சி பட்டியல் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். வெப் சீரிஸ் எடுக்கும் ஒருவர் உங்கள் பாட்டைக் கேட்டு வரும்போது பெரும்பாலும் மூன்று நாள்தான் அவகாசம் கொடுப்பார். அவர் கேட்பவை: இன்ஸ்ட்ருமென்டல், பதிவுக்கு ஒரு கையெழுத்து, பாட்டுக்கு ஒரு கையெழுத்து.